நான் எழுதியதும் அது படித்ததும்

லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் என் கணினியின் திரையில் ஒரே ஒரு வரி. அதன் இடப்பக்கம் சிவப்பு நட்சத்திரக் குறி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு டிஸ்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, வரியின் கடைசியில் நொடிகளை எண்ணியது. 15 நொடி ஆயிற்று, மொத்தம் 1 நிமிடம் 30 நொடி. 16 ஆயிற்று. 17 ஆயிற்று. தொண்ணூறையும் எண்ணி முடித்துவிட்டு, அவசர நிலைக்குப் போகிறேன் என்று அறிவித்தது. போன இடத்தில், ரூட் கணக்கு (முழு அதிகாரமும் உள்ள கணக்கு) பூட்டியிருக்கிறது, உள்ளே விட முடியாது, எண்டரைத் தட்டித் தொடரவும் என்றது. தட்டினேன். சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தியது.

காலையில் ஒரு வேலையை முடித்து அனுப்பியாக வேண்டும். முந்தின நாள் இரவு எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று அரை மணி நேரம் புலம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பழைய கோப்புகள் கிடந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்கைத் துடைத்து, புதிதாக ஃபார்மட் செய்திருந்தேன். அதைச் செய்து முடித்து, பார்த்துத் திருப்திப்பட்டு, தூங்கப் போய்விட்டேன். கணினியை ரீஸ்டார்ட் செய்யவில்லை.

லினக்ஸ் பூட் ஆகும்போது, அதாவது கணினி எழும்போது, எந்த டிஸ்கை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்பதை /எட்சி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் (டிஸ்கின் பகுதியும்) யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். ஃபார்மட் செய்தால் அந்த எண் மாறிவிடும். டிஸ்க் அதேதான், கேபிள் அதேதான், அளவும் அதேதான். ஆனால் கோப்பில் இருந்தது செத்துப்போன எண். கணினி அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வாசலிலேயே 90 நொடி நின்றது. அது செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. வராமல் நகராதே என்று எழுதி வைத்தவன் நான்தான்.

ரூட் கணக்கு பூட்டியிருந்ததும் என் கைங்கரியமே. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கேட்கும். அதை வெறுமையாக விட்டால் ரூட் கணக்கு முடக்கப்பட்டு, நாம் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ அதிகாரம் (ரூட்டின் பேரில் கட்டளை ஓட்டும் உரிமை) தரப்படும். கொடுத்தால் நேர்மாறு: ரூட் இருக்கும், நம் பயனருக்கு சூடோ இருக்காது. நிறுவி முடித்ததும் முதல் சூடோ கட்டளைக்கே 'இவர் பட்டியலில் இல்லை, இது புகாராகப் பதிவு செய்யப்படும்' என்ற மிரட்டலைப் பார்த்துப் பலர் பதறுவது இதனால்தான். இரண்டுமே சரியான வழிகள்தான். ஆனால் அந்தத் திரையில் நாம் தட்டிய எண்டர் இரண்டு வருடம் கழித்து ஒரு காலை நேரத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வெளியே வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இயங்குதளத்தை எழுப்பும் நிரலான கிரப்பின் மெனு வந்ததும் 'ஈ' விசையைத் தட்டினால் அந்த பூட் வரிகளைத் திருத்தலாம். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினேன். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் நேராக ரூட் ஷெல்லில், அதாவது ரூட்டாகக் கட்டளை தட்டும் இடத்தில், கொண்டுபோய் இறக்கியது. (இது இவ்வளவு சுலபமா என்று பயமாக இருந்தால், பயப்படுவது நியாயம்தான். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாத கணினியை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் திறக்க முடியும்.) எஃப்எஸ்டேப்பைத் திருத்திச் சேமிக்கப் போனால் 'படிக்க மட்டுமே' என்றது. அதுவும் இயல்புதான். இந்த நிலையில் ரூட் பார்ட்டிஷன் பெரும்பாலும் எழுத முடியாதபடியே மாட்டப்பட்டிருக்கும். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' என்று கொடுத்த பிறகு எழுத விட்டது. 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டிய புதிய எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அந்தத் திரையில் காப்பி பேஸ்ட் ஏது?

அதற்குப் பிறகு கூடுதல் டிஸ்க் எதைச் சேர்த்தாலும் எஃப்எஸ்டேப்பில் அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறேன். அது இருந்தால் டிஸ்க் வராவிட்டாலும் கணினி எழுந்துவிடும். இன்னொன்றும் செய்கிறேன். திருத்தி முடித்ததும் 'ஃபைன்ட்மவுன்ட் --வெரிஃபை' கொடுத்தால் கோப்பில் இருக்கும் எழுத்துப் பிழை, இல்லாத எண் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், கோப்பில் உள்ளவற்றை மாட்டிப் பார்க்கும் 'மவுன்ட் -ஏ'. அப்புறம், நேரம் இருக்கும்போதே ஒரு ரீஸ்டார்ட். பூட் சம்பந்தப்பட்ட எதையாவது தொட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் தூங்கப் போவது, வெடியைக் கொளுத்தித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது மாதிரி.

பத்துப் பன்னிரண்டு வருடமாக லினக்ஸோடு மல்லுக்கட்டுகிறேன். திரும்பிப் பார்த்தால் என்னுடைய தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இயந்திரம் கெட்டுப்போனது குறைவு. நான் ஒன்றைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பேன், அது வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். நான் ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பேன், அது அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்காது.

நிறுவும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடும். பென்டிரைவில் இருந்து பூட் செய்யும்போது வரும் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை காட்டப்படும். ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' (கணினி எழும் புது முறை) என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எதுவானால் என்ன, இரண்டும் ஒரே பென்டிரைவ்தானே என்று மேலே இருந்ததைத் தட்டினேன். நிறுவல் தடங்கலின்றி முடிந்தது. ஏற்கெனவே இருந்த இன்னொரு இயங்குதளம் மட்டும் மெனுவில் இருந்து காணாமல் போனது. அழிந்துவிட்டது என்றே நினைத்து ஒரு மாலைப் பொழுது முழுக்கத் துக்கம் அனுஷ்டித்தேன். அழியவில்லை. அது யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தது, நான் புதிதாகப் போட்டது பழைய பயாஸ் முறையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு முறையில் எழுந்த கிரப், மற்ற முறையில் இருப்பதை எழுப்பித் தர முடியாது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு பார்வை போதும். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் நீங்கள் யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் இல்லை. டெபியன் நிறுவியின் முதல் திரையின் தலைப்பிலேயே யூஇஎஃப்ஐ என்று எழுதியிருக்கும், நான் தலைப்பைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். இரண்டாம் முறை சரியான வரியைத் தேர்ந்தெடுத்து நிறுவிய பிறகும் அந்த இன்னொரு இயங்குதளம் மெனுவில் வரவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு. கிரப்பின் 2.06 பதிப்பில் இருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை, பாதுகாப்பு கருதி, இயல்பிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. /எட்சி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் 'கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்' என்று எழுதி, 'அப்டேட்-கிரப்' ஓட்டினேன். வந்துவிட்டது. ஒரே அறிகுறி, இரண்டு வெவ்வேறு காரணம். முதல் காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பயாஸ் அமைப்பில் ஸ்டோரேஜ் 'ரெய்ட்' முறையில் இருக்கிறதா, 'ஏஎச்சிஐ' முறையிலா (டிஸ்கைக் கையாளும் இரண்டு முறைகள்) என்றுதான். ரெய்ட் முறையில் இருந்தால் சில லேப்டாப்களில் லினக்ஸுக்கு எஸ்எஸ்டி கண்ணில் படாது. மாற்றினால் தெரியும். ஆனால் வேறு இயங்குதளமும் அதே டிஸ்கில் இருந்தால் அதை இந்த மாற்றத்துக்குத் தயார் செய்யாமல் மாற்றக் கூடாது, அது எழாமல் போகலாம். வைஃபை வரவில்லை என்ற புகார் இப்போது குறைந்துவிட்டது. 2022இல் டெபியன் உருவாக்குநர்களிடையே நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023இல் வந்த டெபியன் 12 முதல், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களும் (சாதனங்களை ஓட்டும் உள்நிரல்களும்) அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்ந்து வருகின்றன. அதற்கு முன் வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான்.

கடிகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கணினியில் நிறுவல் முடிந்து, பேக்கேஜ் எதையும் இறக்க முடியவில்லை. 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகவில்லை' என்ற எரர். நெட்வொர்க் அமைப்பு, மிரர், ப்ராக்ஸி என்று எல்லாவற்றையும் நோண்டினேன். 'இன்னும்' என்ற சொல்லை மட்டும் கவனிக்கவில்லை. மதர்போர்டு பேட்டரி செத்து, கணினி பல வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. அதன் கணக்குப்படி, இணையத்தில் இருந்த கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை. நேரத்தைச் சரி செய்ததும் எல்லாம் இறங்கின.

இனி, என்னை அதிகம் ஆட்டிவைத்த ஒன்று. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர். தொலைவில் இருந்து அதற்குள் நுழையும் வழி எஸ்எஸ்எச், அங்கே கதவைக் காக்கும் நிரல் எஸ்எஸ்எச்டி. அந்தச் சர்வரில் பாஸ்வேர்ட் மூலம் நுழைவதை நிறுத்தி, சாவிக் கோப்பு உள்ளவர் மட்டுமே வரும்படி செய்ய வேண்டும். லட்சம் பேர் செய்கிற வேலை. /எட்சி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பைத் திறந்து, 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்' வரியின் முன்னால் இருந்த ஹேஷ் குறியை (அது இருந்தால் வரி கணக்கில் வராது) எடுத்து, 'நோ' என்று மாற்றிச் சேமித்து, சேவையை ரீஸ்டார்ட் செய்தேன். வேறொரு கணினியில் இருந்து முயன்று பார்த்தால் ஜம்மென்று பாஸ்வேர்ட் கேட்கிறது.

மறுபடி திறந்து பார்த்தேன். 'நோ' என்றுதான் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. ரீஸ்டார்ட். கேட்கிறது. சர்வரையே ரீபூட் செய்தேன். கேட்கிறது. அந்த வரியை அழித்துக் கோப்பின் கடைசியில் எழுதிப் பார்த்தேன், கடைசியில் சொன்னதுதானே செல்லும் என்ற நினைப்பில். கேட்கிறது. இதற்குள் லாக் எனும் பதிவுக் கோப்பில் முன்பின் தெரியாத முகவரிகள் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் பெயராக முயன்றுகொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கக் கை நடுங்கி, யோசனையே நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு பழைய தந்திரம் கைகொடுத்தது. ஒரு நிரல் நம் கோப்பைப் படிக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், கோப்பில் வேண்டுமென்றே ஒரு குப்பை வரியை எழுதிப் பார்க்க வேண்டும். படித்தால் அலறும், படிக்காவிட்டால் அமைதியாக இருக்கும். சர்வரில் ஓடுகிற சேவையில் அப்படிச் செய்தால் ஆபத்து. நல்லவேளையாக, எஸ்எஸ்எச்டிக்குச் சோதிக்க மட்டும் ஒரு வழி உண்டு: சின்ன 'டி' கொடுத்தால் கோப்பைச் சரிபார்த்துவிட்டு நின்றுவிடும். 'பூனைகுட்டி ஆமாம்' என்று ஒரு வரி எழுதி ஓட்டினேன். அந்த வரியின் எண்ணோடு அலறியது. ஆக, படிக்கிறது. படித்தும் கேட்கவில்லை. இது இன்னும் மோசம்.

பெரிய 'டி' கொடுத்தால் வேறு பதில் வரும். எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்து, இப்போது நான் எதை நம்புகிறேன் என்று எஸ்எஸ்எச்டி முழுப் பட்டியலாகச் சொல்லும். அதில் 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் எஸ்' என்று இருந்தது. என் கோப்பில் 'நோ', அதன் மனதில் 'எஸ்'. அப்போதுதான் கோப்பின் மேல்பகுதியில் இருந்த 'இன்க்ளூட்' வரி கண்ணில் பட்டது. பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் முதலில் படி என்கிற வரி அது. உள்ளே போய்ப் பார்த்தால், சர்வரை உருவாக்கும்போது தானியங்கி அமைப்பு போட்டுவிட்டுப் போன ஒரு குட்டிக் கோப்பு. அதில் ஒரே வரி: 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் எஸ்'.

எஸ்எஸ்எச்டியின் விதி என்னவென்றால், ஒரு விஷயத்தை முதலில் யார் சொன்னாரோ அவர் சொன்னதே செல்லும். பிறகு எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் கணக்கில்லை. நான் கடைசியில் கொண்டுபோய் எழுதியது, பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரி. ஆனால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, லினக்ஸின் மையமான கர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் போன்றவற்றில் விதி தலைகீழ், கடைசியில் சொன்னதே வெல்லும். ஆகவே 'பொதுவாக இப்படித்தான்' என்ற அறிவு இங்கே கெடுதல்தான் செய்யும். மேனுவல் பக்கத்தின் தொடக்கத்திலேயே இந்த விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன், பல வருடம் எஸ்எஸ்எச் பயன்படுத்திய பிறகு.

இந்தச் சம்பவத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்த ஜன்னலை மூடாமல் வைத்திருந்தது. எஸ்எஸ்எச்டியை ரீஸ்டார்ட் செய்தாலும் நடப்பில் இருக்கும் இணைப்பு அறுவதில்லை. புது ஜன்னலில் சோதித்து, சரி என்று தெரிந்த பிறகே பழையதை மூடுகிறேன். இந்தப் பழக்கம் ஃபயர்வாலில் அடிபட்டு வந்தது. எல்லாவற்றையும் தடு என்று முதலில் சொல்லிவிட்டு, எஸ்எஸ்எச் வரும் 22ஆம் போர்ட்டை மட்டும் திற என்று அடுத்து சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்ததைச் சொல்ல இணைப்பு இருக்க வேண்டுமே! இப்போது ஃபயர்வாலைத் தொடும் முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடும்படி ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிடுகிறேன். எல்லாம் நன்றாக இருந்தால் அதை நிறுத்திவிடுவேன். வெளியே மாட்டிக்கொண்டால், ஐந்து நிமிடம் காத்திருந்தால் கதவு தானாகத் திறக்கும்.

அதே குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர்: .ப்ரொஃபைல் கோப்பு. நான் எழுதிய சில கட்டளைகள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அதன் பாதையை .ப்ரொஃபைல் கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் திடீரென்று ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பாஷ் ஷெல் லாகின் நேரத்தில் .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். நேற்று நிறுவிய ஏதோ ஒரு கருவி எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு .பாஷ்_ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து என் கோப்பு அனாதை. இப்படிப்பட்ட நேரங்களில் எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போல ஒரு நண்பன் கிடையாது. ஒரு நிரல் எந்தெந்தக் கோப்பைத் திறக்கப் பார்த்தது, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரிக்கு வரி காட்டும். பக்கம் பக்கமாகக் கொட்டும்தான், ஆனால் கோப்பு திறக்கும் வரிகளை மட்டும் வடிகட்டினால் போதும்.

எரர் செய்தி பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதில் குழப்பிவிடும். கட்டளைகள் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தால் கண் முன்னால் இருக்கிறது. ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. இருக்கிற கோப்பை இல்லை என்கிறதே என்று கணினியைத் திட்டினேன். அது இல்லை என்றது என் ஸ்கிரிப்டை இல்லை. முதல் வரியில், இதை ஓட்டு என்று நான் குறிப்பிட்டிருந்த பாஷ் நிரலை. 'கேட் -ஏ' (பெரிய ஏ) கொடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தொப்பிக் குறியும் 'எம்'மும் ஒட்டிக்கொண்டிருந்தன. விண்டோஸ் எடிட்டரில் எழுதிக் கொண்டுவந்த கோப்பு அது. அங்கே வரி முடிவுக்கு இரண்டு குறிகள், யூனிக்ஸில் ஒன்றே ஒன்று. டெலிபிரிண்டர் காலத்து மிச்சம்: ஒரு குறி எழுதும் தலையை வரியின் தொடக்கத்துக்குத் தள்ள, இன்னொன்று காகிதத்தை ஒரு வரி நகர்த்த. ஆக, கணினி தேடியது பாஷ் என்ற நிரலை இல்லை, பாஷோடு கண்ணுக்குத் தெரியாத வால் ஒட்டிய ஒரு நிரலை. அப்படி ஒன்று உண்மையிலேயே இல்லைதான்.

'டிஸ்கில் இடமில்லை' என்பதும் அதே ரகம். 'டிஎஃப் -எச்' நாற்பது சதவீதம் காலி என்றது. 'டிஎஃப் -ஐ' கொடுத்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக வேண்டிய பதிவுகள்) நூறு சதவீதம் தீர்ந்துவிட்டன. எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது ஃபார்மட் செய்யும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடும், இயல்பாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் சில பைட்டுகளே கொண்ட குட்டிக் கோப்புகளை லட்சக்கணக்கில் கொட்டி வைத்திருந்தது. கிடங்கில் இடம் இருக்கிறது, பதிவேட்டில்தான் வரி இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைகளும் உண்டு. யூஎஸ்பி வழியாக ஒரு சாதனத்தோடு பேச வேண்டியிருந்தது. அதற்கு 'டயல்அவுட்' குழுவில் என் பயனர் இருக்க வேண்டும். 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி' மட்டும் போட்டு அந்தக் குழுவின் பெயரைக் கொடுத்தேன். சேர்த்தாயிற்று என்று நினைத்தேன். அந்தக் கட்டளைக்கு அர்த்தம் 'இந்தக் குழுவில் சேர்' என்பதல்ல, 'இந்தக் குழுவில் மட்டும் இரு' என்பது. சேர்க்க வேண்டுமென்றால் கூடவே சின்ன 'ஏ'வும் போட வேண்டும். அது சூடோ உட்பட மற்ற எல்லாக் குழுக்களில் இருந்தும் என்னைத் தூக்கிவிட்டது. இதில் குரூரம் என்னவென்றால், குழு விவரம் லாகின் செய்யும்போதுதான் படிக்கப்படும். அன்று முழுக்க சூடோ வேலை செய்தது. மறுநாள் லாகின் செய்ததும் நான் யாரோ. மறுநாள் காலையில் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அதைத் துருவிக்கொண்டிருந்தேன். பழைய கிரப் வழியிலேயே மறுபடியும் உள்ளே போக வேண்டியதாயிற்று.

அனுமதி எரர் வந்தால் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) கொடு என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். நானும் ஒருமுறை எரிச்சலில் என் ஹோம் கோப்புறை முழுக்க அடித்துவிட்டேன். அதுவரை ஒன்றுதான் வேலை செய்யவில்லை, அதற்குப் பிறகு இன்னும் நாலு வேலை செய்யவில்லை. எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் எஸ்எஸ்எச் அதைத் தொடவே மறுக்கும். .எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, சாவிக்கு 600 என்று, எனக்கு மட்டும் திறக்கும்படி, திரும்பக் கொண்டுவந்தேன். மற்ற கோப்புகளுக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது? அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன்.

இவ்வளவு பட்ட பிறகு என் வேலை முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. /எட்சி கோப்புறை முழுவதையும் எட்சிகீப்பர் என்ற கருவி மூலம், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வைத்திருக்கிறேன், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே கட்டளையில் தெரியும். 'நான் ஒன்றுமே செய்யவில்லையே' என்று புலம்பும் வாய்ப்பு போய்விட்டது. நன்றாக ஓடும் நாளில், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைக்கிறேன். முன்பெல்லாம் லாகில் சிவப்பு வரியைக் கண்டாலே அதுதான் குற்றவாளி என்று பாய்வேன். பிறகுதான் தெரிந்தது, நன்றாக ஓடும் நாளிலும் அதே சிவப்பு வரிகள் ஏழெட்டு இருக்கின்றன என்று. நல்ல நாளின் லாகோடு ஒப்பிட்டால் புதிதாக வந்தது எது என்று தானாகப் பிரிந்து நிற்கும். லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் '-பி -1' கொடுத்தால் போன பூட்டின் லாக் கிடைக்கும், ஆனால் /வார்/லாக்/ஜர்னல் கோப்புறை இருக்க வேண்டும். இல்லையென்றால் கணினி அணையும்போது லாகும் போய்விடும். அதை உருவாக்கி வைப்பதற்குச் சரியான நேரம், கணினி விழுந்த பிறகு இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதையும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன். நள்ளிரவு தாண்டினால் மட்டும் அது முடிவதில்லை. நாலு இடத்தில் கை வைத்துவிடுகிறேன், திடீரென்று வேலை செய்கிறது, எதனால் என்று தெரிவதில்லை. அப்படிச் சரியானவை எல்லாம் ஆறு மாதத்தில் திரும்பி வந்திருக்கின்றன.

இப்போது இதைத் தட்டிக்கொண்டிருக்கும் லேப்டாப்பிலேயே ஒன்று பாக்கி இருக்கிறது. தூக்கத்தில் இருந்து எழுப்பினால், பத்துக்கு ஒரு தடவை டச்பேட் வேலை செய்யாது. 'மாட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்' என்று டச்பேடை இயக்கும் அந்த மாட்யூலைக் கழற்றி, மறுபடி மாட்டினால் வந்துவிடும். அதை ஒரு விசைச் சேர்க்கையில் கட்டி வைத்து மூன்று வருடம் ஆகிறது. லாகில் அந்த நேரத்தில் ஒரே ஒரு வரி வருகிறது, வேலை செய்யும் நாளிலும் அதே வரிதான் வருகிறது. ஒவ்வொரு முறை கர்னல் அப்டேட் ஆகும்போதும் மூடியைச் சாத்தி, திறந்து, விரலை வைத்துப் பார்க்கிறேன்.